வேண்டாம் என்ற சொல்லுக்கு ஒரு விதி

போன வாரம் காவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். பெங்களூரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகித் தருமபுரிக்கு வந்த பெண். நல்ல கெட்டிக்காரி.

“மேடம், பழைய மெயில் சர்வரை மூடப் போறோம். எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திட்டு இருக்கேன். நீங்க எழுதி வச்ச விதிகளை ஒண்ணொண்ணா பாத்துட்டு வரேன். அதுல ‘ரெண்டாவது வாட்டி’ன்னு ஒண்ணு இருக்கு. எதுக்குன்னு புரியல. எடுத்திடலாமா?”

அடுப்பில் பால் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வியை அவள் ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது டைப்பிஸ்டாக. தருமபுரியில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் முடித்துவிட்டு, ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரி அடித்துக்கொண்டிருந்தேன். அந்த அறக்கட்டளைக்கே ஒரு நர்ஸிங் கல்லூரியும் உண்டு. முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது அதைத் தொட எல்லாருக்கும் பயம். “செல்விக்கு டைப் அடிக்கத் தெரியும்ல, இதுவும் அதே மாதிரிதான்” என்று என் தலையில் கட்டினார்கள். அதே மாதிரி இல்லை என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய், தடித்தடிப் புத்தகம் வாங்கி, கெடுத்து, சரிசெய்து, மறுபடி கெடுத்து, எப்படியோ கற்றுக்கொண்டேன். பத்து வருடத்தில் நர்ஸிங் கல்லூரியின் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாளர் என்று பலகையில் என் பெயர் வந்தது. அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று கல்லூரியில் பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், “செல்வி மேடத்துக்கிட்ட சர்வர் ஏன் ஸ்லோன்னு மட்டும் கேட்டுடாத” என்று முதல் நாளே சொல்லி வைப்பார்கள். பொய்யொன்றும் சொல்லவில்லை.

எனக்கு மேலே இருந்தவர் மரகதம் மேடம். ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் மேட்ரனாக இருந்து, பிறகு கல்லூரிக்கு நிர்வாக அலுவலராக வந்தவர். எந்தக் கடிதமாக இருந்தாலும் எழுந்து நின்று, சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். இன்னொரு வழக்கமும் உண்டு. எதையும் இரண்டு தடவை கேட்பார். முதல் தடவை கேட்கும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், கையிலிருக்கும் காகிதத்தைத்தான் பார்ப்பார். இரண்டாவது தடவை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நம் கண்ணைப் பார்த்துக் கேட்பார். டீ குடிக்கிறாயா என்பதைக்கூட அப்படித்தான் கேட்பார். ஒரு நாள் எரிச்சலில், “ஏன் மேடம் எல்லாத்தையும் ரெண்டு வாட்டி கேக்கறீங்க?” என்றேன்.

“வார்டுல பழகினதும்மா. வலிக்குதான்னு கேட்டா மொதல்ல எல்லாரும் இல்லீங்கன்னுதான் சொல்லுவாங்க. காபி வேணுமான்னு கேட்டாலே வேண்டாங்கன்னு சொல்ற சனம் நம்மளுது. வலிய மட்டும் ஒரே வாட்டியில சொல்லிடுமா?”

சரி, இந்தம்மாவை மாற்ற முடியாது என்று விட்டுவிட்டேன்.

இப்போது தானியங்கிக் கடிதத்துக்கு வருகிறேன். அட்மிஷன் நேரத்தில் விசாரணை மெயில்கள் வந்து குவியும். எல்லாம் ஒரே கேள்விதான். என்ன கோர்ஸ், விடுதி உண்டா, எந்த பஸ். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் அடித்தால் விரல் தேய்ந்துவிடும். இதற்கென்றே மென்பொருள் இருக்கிறது. ஒருவர் நம் வலைத்தளத்தில் பெயரும் மெயில் முகவரியும் கொடுத்தால் அன்றைக்கே ஒரு கடிதம், மூன்றாம் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று என்று, நாம் எழுதி வைத்த வரிசைப்படி அதுவே அனுப்பிக்கொண்டிருக்கும். வெளி நிறுவனங்கள் இதை வாடகைக்குக் கொடுக்கின்றன. பிள்ளைகளின் விவரத்தையெல்லாம் வெளியாளிடம் கொடுக்க மரகதம் மேடத்துக்கு மனம் இல்லை. “நம்ம கடுதாசி நம்ம வூட்டுல இருந்தே போகட்டும்” என்றார். நானும் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டு, ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

முதலில் அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்றிலேயே நிறுவினேன். கடிதம் போனது, போய்ச் சேரவில்லை. உள்ளூர் பிராட்பேண்ட் இணைப்பிலிருந்து வரும் கடிதத்தை எந்தப் பெரிய மெயில் நிறுவனமும் வாசலிலேயே சேர்ப்பதில்லை. பிறகு பெங்களூரில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, மென்பொருளும் பட்டியலும் நம் கையில் இருக்கும்படி அங்கே வைத்தேன். டொமைன் பதிவில் சில வரிகள் சேர்க்க வேண்டும். இந்தப் பெயரில் வரும் கடிதம் இந்த சர்வரிலிருந்துதான் வரும், இது எங்கள் முத்திரை என்று ஊருக்கெல்லாம் சொல்லும் வரிகள் அவை. ஒரு புள்ளி பிசகினாலும் கடிதம் ஸ்பேமுக்குப் போய்விடும். அரை மணிக்கு ஒரு முறை மென்பொருள் எழுந்து பட்டியலைப் பார்த்து, யாருக்கு எத்தனையாம் நாள் என்று கணக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும்படி வைத்தேன். மொத்தமாக அனுப்பினால் நம்மையும் மோசடிக்காரன் என்று நினைத்துவிடுவார்கள். தமிழ்க் கடிதம் வெறும் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேர்ந்த கூத்தும் நடந்தது. முதல் கடிதம் ஒழுங்காகப் போய், என் அக்கா மகளின் இன்பாக்ஸில் தமிழ் தமிழாகவே தெரிந்த அன்று, காலை முதல் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் சர்வர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு எழுதிய ஓர் அலுவலகத்தில், ஆள் விடுமுறையில் இருக்கிறார் என்று தானாகப் பதில் போடும் ஏற்பாடு இருந்தது. எங்கள் மென்பொருள் நன்றி சொன்னது. அது, விடுமுறை என்றது. இது மறுபடி நன்றி சொன்னது. நீங்க மொதல்ல உக்காருங்க, இல்லீங்க நீங்க உக்காருங்க என்று சம்பந்தி வீட்டார் இருவரும் நின்றுகொண்டே இருப்பது மாதிரி, ஞாயிறு முழுக்க இரண்டும் மரியாதை செய்துகொண்டிருந்திருக்கின்றன. இயந்திரம் அனுப்பிய கடிதத்துக்கு இயந்திரம் பதில் போடக் கூடாது என்ற விதியை அன்று எழுதினேன். எங்கே அடி பட்டாலும் அங்கே ஒரு விதி எழுதிவிடுவேன். காவ்யா இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் விதிகளெல்லாம் அப்படி வந்தவைதான்.

அடுத்த அடி பாப்பாரப்பட்டியிலிருந்து பஸ் ஏறி நேரிலேயே வந்தது. ஒரு பெண்ணின் அப்பா. கையில் செல்போன். மரகதம் மேடத்தின் மேசை முன்னால் நின்று சொன்னார்.

“எம்புள்ள வேற காலேசுல சேந்து மூணு மாசம் ஆச்சுங்க. இன்னும் அன்புள்ள மாணவிக்குன்னு வந்துக்கிட்டே இருக்குது. வேண்டாம் வேண்டாம்னு எத்தன வாட்டிங்க எழுதறது? படிக்கிறீங்களா, இல்லீங்களா?”

அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், விலக இங்கே அழுத்தவும் என்று ஒரு லிங்க் இருக்கும். எங்கள் பக்கத்து ஜனங்கள் அதை அழுத்த மாட்டார்கள். அழுத்தினால் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். கடிதம் வந்தால் பதில் எழுதுவதுதான் அவர்களுக்குத் தெரிந்த மரியாதை. அந்தப் பதில்கள் படிக்க ஆளில்லாமல் கிடந்தன. கடுப்பானவர்கள் எங்கள் கடிதத்தை ஸ்பேம் என்று குறித்தார்கள், சர்வரின் பெயர் கெட்டது.

அன்றைக்கே ஒரு விதி எழுதினேன். வரும் பதிலில் ‘வேண்டாம்’ என்ற சொல் இருந்தால் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். எங்கள் ஊர் எப்படியெல்லாம் எழுதும் என்று யோசித்து, வேண்டாம், வேணாம், வேண்டாங்க, வேணாங்க, இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கும் வகைகள் என்று எல்லாவற்றையும் சேர்த்தேன். எடுத்த பிறகு ஒரு கடிதம் போகும். “உங்கள் விருப்பப்படியே உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். நன்றி. வாழ்த்துகள்.” மரகதம் மேடம் நின்று படித்துப் பார்த்து, மரியாதையாக இருக்கிறது என்றார். வெளிநாட்டுக்காரன் மென்பொருளுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கல்லூரியில் மலைக் கிராமத்துப் பெண்களுக்கென்று பத்து இலவச இடம் உண்டு. சித்தேரி, வத்தல்மலைப் பக்கத்துப் பெண்களுக்கு. தேர்வானவர்களுக்குக் கடிதம் போகும், ஏழு நாளுக்குள் சம்மதம் எழுத வேண்டும், இல்லையென்றால் காத்திருப்போர் வரிசையில் அடுத்த பெண்ணுக்கு இடம் போய்விடும். அந்தக் கடிதத்தைத் தபாலில்தான் அனுப்பி வந்தோம். அந்த வருடம் நான்தான் சொன்னேன். மலைக்குத் தபால் போய்ச் சேரவே ஏழு நாள் ஆகிறது. மலையில் டவர் சரியாக இல்லைதான், போன் அடித்தால் கிடைக்காது. மெயில் காத்திருக்கும், டவர் கிடைக்கும் வளைவுக்கு வந்தால் பார்த்துக்கொள்வார்கள். அதே மென்பொருள், அதே பட்டியல், ஒரே வேலை.

“அப்ப தபால் வேண்டாமா?” என்றார் மரகதம் மேடம், காகிதத்தைப் பார்த்தபடி.

“வேண்டாம் மேடம்.”

கண்ணாடியைக் கழற்றினார். “நெசமாவே தபால் வேண்டாமா செல்வி?”

“வேண்டவே வேண்டாம் மேடம்” என்றேன் நான்.

அட்மிஷன் நாள் காலையில் வத்தல்மலையிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பா பெயர் காளியப்பன், சாமையும் கொஞ்சம் காபிச் செடியும் வைத்திருப்பவர். மகள் அலமேலு. பிளஸ் டூவில் பள்ளிக்கே முதலாக வந்தவள். அன்றைக்கென்று வாங்கிய புதுச் செருப்பு. கையில் பிளாஸ்டிக் ஃபைல். இலவச இடத்துப் பெண்கள் பத்துப் பேரும் ஏற்கெனவே வந்து, பெயர் படித்து உட்கார்ந்துவிட்டார்கள். அலமேலு பெயர் பட்டியலில் இல்லை.

“நான் பதில் எழுதினேங்க மேடம். உங்ககிட்ட இருந்து பதிலும் வந்துது” என்று ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். தருமபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரிண்ட் எடுத்தது. ‘உங்கள் விருப்பப்படியே உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். நன்றி. வாழ்த்துகள்.’

உள்ளே ஓடிப்போய் அவள் எழுதிய மெயிலைத் தேடி எடுத்து வந்தேன். மரகதம் மேடம் எழுந்து நின்று சத்தமாகப் படித்தார்.

“மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு வணக்கம். எனக்கு இடம் கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி. கண்டிப்பாகச் சேருகிறேன். தருமபுரியில் சித்தி வீட்டில் தங்கிக்கொள்வதால் விடுதி வேண்டாம். விடுதி இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கவும்.”

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். “இதுல எந்த வார்த்தைய உன் மிஷின் படிச்சுது செல்வி?”

“வேண்டாம்ங்கறத மேடம்.”

“அதுக்கு முன்னால இருக்கற வார்த்தைய?”

“படிக்கல மேடம்.”

அலமேலு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஆஸ்டல் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டீங்கன்னு நெனச்சேங்க” என்றாள். வேறு எப்படி நினைப்பாள்? பெரிய மரியாதையாகக் கடிதம் எழுதி வைத்தவள் நான்தானே. எந்தப் பட்டியல் என்று அதில் ஒரு வார்த்தை சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

பட்டியலிலிருந்து பெயர் போனால் சம்மதமில்லை என்று பொருள். ஏழாம் நாள் அடுத்த பெண்ணுக்குக் கடிதம் தானாகவே போயிருக்கிறது. அவள் சித்தேரிப் பெண், அவளும் புதிதாக வாங்கிய சூட்கேஸோடு விடுதியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை எழுப்பி அனுப்ப முடியாது. மொத்த இடமும் நிரம்பிவிட்டது, நர்ஸிங் கவுன்சில் அனுமதித்ததற்கு மேல் ஒருவரைக்கூடச் சேர்க்க முடியாது. மரகதம் மேடம் அறக்கட்டளைச் செயலாளருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. “பொண்ணே வேண்டாம்னு எழுதியிருக்குதுல்ல மேடம். ரெக்கார்டு இருக்குது. நம்ம மேல தப்பு வராது.”

உண்மையைச் சொல்கிறேன், அரை நிமிடம் எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. ரெக்கார்டு இருக்கிறது. விதி எழுதியது நான் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பிறகு அந்தப் புதுச் செருப்பு கண்ணில் பட்டது. “தப்பு என்னோடதுங்க மேடம். அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கு” என்றேன். மரகதம் மேடம், “கேட்டுதுங்களா? தப்பு நம்மளுது. அடுத்த வருசம் மொத இடம் இந்தப் புள்ளைக்குன்னு எழுதித் தரப் போறேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

காளியப்பன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“அடுத்த வருசங்களா?” என்றார். “அது வரைக்கும் புள்ளய வூட்டுல வெச்சிருக்க முடியுங்களான்னு தெரியலீங்க. சொந்தத்துல கேட்டுக்கிட்டு இருக்கறாங்க. படிக்கப் போறா படிக்கப் போறான்னு சொல்லித்தான் தள்ளி வெச்சிருந்தேன். இப்ப என்னான்னு சொல்றதுங்க?”

அலமேலு அழவில்லை. தாளை நான்காக மடித்து ஃபைலில் வைத்தாள். இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். இவளுக்கு ஒரு வருடம் வீட்டில் இருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் கூடப் பிறந்த அக்காவுக்கு அப்படித்தான் படிப்பு நின்றது.

அடுத்த வாரம் கையெழுத்தான கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே வத்தல்மலைக்குப் போனேன். தபாலையும் நம்பவில்லை, மெயிலையும் நம்பவில்லை. அடிவாரத்திலிருந்து ஜீப். வீடு கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. கடிதத்தைக் கொடுத்தேன், அலமேலு வாங்கிப் படித்தாள், அப்பாவுக்கும் படித்துக் காட்டினாள். கிளம்பலாம் என்று எழுந்தேன்.

“சாப்புட்டுப் போங்க” என்றார் காளியப்பன்.

“வேண்டாங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்.” சாப்பிடவில்லை. எந்த முகத்தோடு அந்த வீட்டில் சாப்பிடுவது?

அவர் அந்தப் பதிலைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. உள்ளே பார்த்து, இலை போடச் சொன்னார். திரும்பி என்னிடம், “வேண்டாம்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. அதுக்காவ வுட்டுருவாங்களா? கை நனைக்காமப் போகக் கூடாதுங்க, உக்காருங்க” என்றார்.

உட்கார்ந்தேன். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். நல்ல பசி எனக்கு. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். என் பாழாய்ப்போன விதி இந்த வீட்டில் இருந்திருந்தால் நான் பட்டினியாகத்தான் மலை இறங்கியிருப்பேன். அலமேலு இரண்டாம் முறை குழம்பு ஊற்ற வந்தபோது போதும் என்றேன். அதற்கும் கேட்காமல் ஊற்றினாள்.

மறுநாள் அலுவலகத்தில் விதியை மாற்றினேன். ‘வேண்டாம்’ என்று வந்தால் பெயரை எடுக்கக் கூடாது. அடுத்த கடிதங்களை நிறுத்தி வைத்துவிட்டு, திரும்ப ஒரு முறை கேட்க வேண்டும். அந்தப் பதில் என் மேசைக்கும் வர வேண்டும், ஓர் ஆள் படிக்காமல் எந்தப் பெயரும் போகக் கூடாது. கேட்கும் கடிதத்தை எழுதி மரகதம் மேடத்திடம் கொடுத்தேன். நின்று படித்தார். “தங்கள் கடிதத்தில் வேண்டாம் என்று இருக்கிறது. எது வேண்டாம் என்று எங்கள் கணினிக்குப் புரியவில்லை. அதனால் இரண்டாவது முறை கேட்கிறோம். எது வேண்டும், எது வேண்டாம்?” கணினிக்குப் புரியவில்லை என்று நம்மை நாமே குறைத்துச் சொல்ல வேண்டுமா என்று செயலாளர் அலுவலகத்தில் கேட்டார்கள். உண்மைதானே என்றார் மேடம். அந்த விதிக்கு ‘ரெண்டாவது வாட்டி’ என்று பெயர் வைத்தேன்.

வருடம் திரும்பியது. பட்டியலில் முதல் பெயர் அலமேலு. மெயிலும் போனது, பதிவுத் தபாலும் போனது. இரண்டாம் நாளே பதில் வந்தது.

“மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு. எனக்குத் திருமணம் பேசி முடிவாகியுள்ளது. ஆகவே எனக்கு இந்த இடம் வேண்டாம். வேறு யாருக்காவது கொடுக்கவும். நன்றி.”

இந்தத் தடவை எந்தக் குழப்பமும் இல்லை. எது வேண்டாம் என்று தெளிவாகவே இருந்தது. இருந்தாலும் மென்பொருளுக்கு அது தெரியாதே. சொன்னதைச் செய்யும் ஜீவன். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவளிடம் கேட்டுவிட்டது.

நான் ஜீப் பிடிக்கக் கிளம்பிவிட்டேன். மரகதம் மேடம் விடவில்லை.

“நீ போய் நின்னா, அவ உன் மொகத்துக்காவ ஒரு பதில் சொல்லுவா. அதுவும் அவ பதிலாகாது. ஏழு நாள் இருக்குதில்ல? இருக்கட்டும்.”

“அதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிருச்சுன்னா மேடம்?”

“முடிஞ்சிருந்தா முடிஞ்சதுதான். உக்காரு.”

மூன்றாம் நாள், நான்காம் நாள், ஐந்தாம் நாள். அந்த வாரம் யாரும் என்னிடம் சர்வர் ஏன் ஸ்லோ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நடந்திருப்பதே வேறு. அடுத்த பெண்ணுக்கான கடிதம் தயாராக இருந்தது. அதைத் தொடாமல் வைத்திருந்தேன்.

ஆறாம் நாள் மத்தியானம் வந்தது. மரியாதை விளிப்பு இல்லை, வணக்கம் இல்லை.

“சீட் வேண்டும். கல்யாணம் வேண்டாம். அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.”

நான் அதை அச்செடுத்து மரகதம் மேடத்திடம் கொடுத்தேன். எழுந்து நின்றார், படிக்க ஆரம்பித்தார், சத்தம் வரவில்லை. உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த ஒரு கடிதத்தைத்தான் அவர் வாய்விட்டுப் படிக்காமல் கோப்பில் வைத்தார். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், பதிலில் ‘வேண்டாம்’ இருந்ததால் மென்பொருள் அவளிடம் எது வேண்டாம் என்று மூன்றாவது தடவையும் கேட்டு வைத்திருந்தது. அதற்கு அவள் ஒரு சிரிப்புப் பொம்மையை மட்டும் அனுப்பியிருந்தாள்.

அவள் சேர்ந்து, முதல் பருவத் தேர்வு முடிந்த பிறகு ஒரு நாள் கேட்டேன். “ஏம்மா, மொதல்ல அப்பிடி எழுதுன?”

“மாமா பக்கத்துல நின்னு எழுதச் சொன்னாங்க மேடம். அவங்க போன்தான். அப்புறம் ஊர்ல இருந்து இறங்கி சித்தி வூட்டுக்கு வந்தப்ப, சித்தி போன்ல மெயில் தொறந்து பாத்தேன். நீங்க ரெண்டாவது வாட்டி கேட்டதும் வந்திருந்துது. எது வேண்டாம்னு இருந்துது. அதுவரைக்கும் என்னைய அப்பிடி யாரும் கேக்கலீங்க. ரெண்டு நாள் யோசிச்சேன். அப்பாகிட்ட சொன்னேன். அவரும் மொதல்ல வேண்டாம்னாரு.”

“அப்புறம்?”

“இன்னொரு வாட்டி கேட்டேனுங்க.”

அலமேலு இப்போது மலையடிவாரத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மரகதம் மேடம் காலமாகிவிட்டார். அந்த விதி மட்டும் மாறாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் தேவையில்லாமல் எரிச்சல்பட்டவர்களும் உண்டு. ஒருவர், “வேண்டாம்னா வேண்டாந்தான், உங்க கணினிக்குக் காது இல்லியா?” என்று எழுதியிருந்தார். அவர் பெயரை நானே என் கையால் எடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எல்லா விதிக்கும் இப்படி ஒரு செலவு இருக்கிறது.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, நேற்று காவ்யாவைக் கூப்பிட்டேன். கதை எதுவும் சொல்லவில்லை. எழுதியதை அனுப்பினால் படித்துக்கொள்வாள்.

“சொல்லுங்க மேடம். அந்த ‘ரெண்டாவது வாட்டி’ விதி. எடுத்திடலாமா?”

“வேண்டாம்” என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் கேட்டது. நின்றது.

“எது வேண்டாம் மேடம்? விதி வேண்டாமா, எடுக்க வேண்டாமா?”